எந்த எலியின் மூளை?

தையற்கடைக்குச் செல்லும் நம்மவர் கையோடு ஓர் அளவுச் சட்டையைக் கொண்டு செல்வது வழக்கம். உடம்புக்குச் சரியாகப் பொருந்திய பழைய சட்டை அது. அதை விரித்துவைத்தே தையற்காரர் புதுத் துணியை வெட்டுவார். அளவுச் சட்டை உரியவருடையதாயின் புதுச் சட்டையும் பொருந்தும். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு அளவாகக் கொடுத்துவிட்டால் தோள் தொங்கும், கை நீளும். அதற்காகத் தையற்காரரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவருடைய கத்தரிக்கோல் பிழை செய்யவில்லை, அளவே பிழை.

மூளை ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள அறிஞர்களும் ஓர் அளவுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றனர். மனித மூளையை நோக்க எலியின் மூளை மிகச் சிறியது. நன்கு வளர்ந்த எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடையும் 2 செண்டிமீட்டர் நீளமும் உடையது. ஆயினும் நினைவாற்றல், வலி, அச்சம், மருந்துகளின் விளைவு, முதுமை ஆகியவை பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி இச்சிற்றுறுப்பை ஆராய்ந்ததால் கிடைத்ததே. இருபது எலிகளின் மூளைகளைப் படம் பிடித்து ஒப்பிட வேண்டுமாயின், அந்த இருபதையும் ஒரே அளவுக்கும் ஒரே கிடக்கைக்கும் கொண்டுவர ஒரு பொதுப்படம் தேவைப்படுகிறது. அப்பொதுப்படத்தை மாதிரிப் படிமம் என்று கூறலாம். அப்படிமத்தின்மேல் எல்லைக் கோடிட்டு, 'இது இன்ன பகுதி' என்று பெயர் பொறித்துவைத்தால் அது மூளை வரைபடமாகும்.

படிமம் எந்த எலியினுடையது? அந்த எலி எக்குலத்தில் பிறந்தது? ஆணா, பெண்ணா? இளையதா, முதியதா? இவ்வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றலாம். ஆனால் இவற்றுக்கு விடை தேடிச் சென்றால் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நம் கண்முன் விரிகிறது.

வெள்ளெலியின் குடிவழி

ஆய்வுக்கூடத்தில் வளரும் வெள்ளெலி தனியொரு படைப்பன்று. சாக்கடையிலும் துறைமுகத்திலும் திரிகின்ற பழுப்பெலியின் வழிவந்ததே அது. அதனை அறிவியலின் பணியாளாக மாற்றிய பெருமையில் பெரும்பங்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனத்தைச் சாரும். 1892-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனத்திற்கு, 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டொனால்ட்சன் என்னும் நரம்பியல் அறிஞர் வந்து சேர்ந்தார். எலியின் நரம்பு மண்டலம் மனிதனுடையதைப் போன்ற முறையிலேயே வளர்கிறது என்றும், ஆனால் ஏறத்தாழ முப்பது மடங்கு விரைவாக வளர்ந்துவிடுகிறது என்றும் அவர் கருதினார். மனிதனின் வாழ்நாள் முழுவதையும் காத்திருந்து காண முடியாத ஆராய்ச்சியாளருக்கு இதைவிட ஏற்ற உயிரினம் வேறு ஏது?

டொனால்ட்சன் 1915-ஆம் ஆண்டில் எலியின் உறுப்பு எடைகளையும் வளர்ச்சி அளவுகளையும் பட்டியல்களாகத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதே நிறுவனத்தில் ஹெலன் டீன் கிங் என்ற பெண் அறிஞர், உடன்பிறந்த எலிகளைத் தலைமுறை தலைமுறையாக இணைத்து, ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும் எலிக்குலத்தை உருவாக்கினார். 'ஆய்வுக்கு வரும் எலி எங்கும் ஒரேவிதமாக இருத்தல் வேண்டும்' என்னும் எண்ணம் இங்கேதான் வேரூன்றியது.

ஆனால் வரலாறு ஒரே குலத்தோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் லாங், எவன்ஸ் என்னும் இருவர், விஸ்டார் பெண்ணெலிகளை வெளியில் பிடிபட்ட ஆணெலியோடு இணைத்தனர். தலையில் கறுப்பு முக்காடு இட்டதுபோல் தோன்றும் லாங்-எவன்ஸ் குலம் பிறந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920-ஆம் ஆண்டில் தோன்றிய ஃபிஷர் 344 என்னும் குலம், எலிகளை விற்ற வணிகரின் பெயரையும் இணைசேர்த்த வரிசை எண்ணையும் இன்றளவும் சுமந்து நிற்கிறது. 1925-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் டாவ்லி என்பவர் வளர்த்த குலத்திற்கு, அவர் தம் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து ஸ்பிரேக்-டாவ்லி எனப் பெயர் சூட்டினார்.

எல்லாம் எலிகளே, எனினும் உடல் வளர்ச்சியிலும் குணத்திலும் மூளையின் வடிவிலும் இக்குலங்களிடையே வேற்றுமைகள் உண்டு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு வரைபடங்களின் கதைக்குச் செல்வோம்.

கருவியும் வரைபடமும்

மூளையின் உட்பகுதியைக் கண்ணால் காண இயலாது. மண்டையோடு மறைத்து நிற்கிறது. உள்ளே புதைந்துகிடக்கும் ஒரு சிறு பகுதியை ஊசிமுனையால் தொடுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு 1908-ஆம் ஆண்டில் இலண்டனில் விடை பிறந்தது. விக்டர் ஹார்ஸ்லி என்னும் அறுவை மருத்துவரும் ராபர்ட் கிளார்க் என்பவரும் சேர்ந்து, குரங்கின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டகம் ஒன்றை வெளியிட்டனர். முன்பின், இடவலம், மேல்கீழ் என்னும் மூன்று திசைகளில் அளந்து ஊசியைச் செலுத்தினால், காணாத இடத்தையும் அது சென்றடையும். கடலில் தீவைக் காணாமலே அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு கப்பலைச் செலுத்துவதை ஒத்தது இம்முறை.

கப்பலோட்டிக்குக் கடல்வரைபடம் வேண்டுமன்றோ? எலியின் மூளைக்கும் அவ்வாறே வரைபடங்கள் தேவைப்பட்டன. 1959-இல் டி குரூட் என்பவர் எலியின் முன்மூளைக்கு ஒரு வரைபடம் தந்தார். 1963-ஆம் ஆண்டில் கோனிக், கிளிப்பெல் ஆகிய இருவரின் நூல் வந்தது. அது நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களில் புழங்கிற்று. ஆனால் அது ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள இளம் எலிகளை அடிப்படையாகக் கொண்டது. ஆய்வாளர்களோ பெரும்பாலும் அதைப்போல் இருமடங்கு எடையுள்ள வளர்ந்த எலிகளை வைத்து வேலை செய்தனர். சிறுவனின் அளவுச் சட்டையை வைத்துக்கொண்டு பெரியவருக்குத் துணி வெட்டியது போலாயிற்று. 1967-இல் பெல்லெக்ரினோ, குஷ்மன் ஆகியோரின் வரைபடமும் வந்தது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. எலியின் தலையைச் சட்டகத்தில் எந்தச் சாய்வில் நிறுத்துவது என்பதில் வரைபடத்திற்கு வரைபடம் வேறுபாடு நிலவியது. டி குரூட் வகுத்த முறையில் எலியின் முன்பற்களைத் தாங்கும் கம்பி, காதுகளை இணைக்கும் கோட்டிற்கு 5 மில்லிமீட்டர் மேலே நிற்கும், தலை அண்ணாந்திருக்கும். பின்வந்த முறையிலோ அக்கம்பி 3.3 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஒரு நூலின் அளவை எடுத்து மற்றொரு நூலின் சாய்வில் ஊசியைச் செலுத்தினால், ஊசி நாடிய இடம் ஒன்றாகவும் சேர்ந்த இடம் வேறாகவும் முடியும். எனவே, ஓர் அளவை வெளியிடும்போது அது எந்நூலைச் சார்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அன்றே எழுந்தது.

1982-ஆம் ஆண்டின் திருப்பம்

இத்துறையில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜார்ஜ் பாக்சினோசும் சார்ல்ஸ் வாட்சனும் ஆவர். பாக்சினோஸ் கிரேக்க நாட்டின் இத்தாக்கா தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியமர்ந்தவர். இவ்விருவரும் 1982-இல் வெளியிட்ட எலி மூளை வரைபட நூல், நரம்பியல் துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெறும் நூல்களுள் ஒன்றாக விளங்குகிறது. 2014-இல் அதன் ஏழாம் பதிப்பு வெளிவந்தது.

அந்நூல் வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. ஆய்வுக்கூடங்களில் உண்மையில் பயன்பட்டுவந்த அளவிலான, ஏறத்தாழ 290 கிராம் எடையுள்ள விஸ்டார் ஆணெலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மண்டையோட்டு எலும்புகள் சந்திக்கும் இரு புள்ளிகளான பிரெக்மா, லாம்டா ஆகியவற்றை ஒரே மட்டத்தில் நிறுத்தினர். தலையைத் திறந்த எவரும் கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள் அவை. ஆகவே, சிட்னியில் இருப்பவரும் சிக்காகோவில் இருப்பவரும் ஒரே புள்ளியிலிருந்து அளக்க முடிந்தது.

ஈண்டு வியந்து குறிப்பிடத்தக்கது, தம் நூலின் எல்லையை அவர்களே ஆராய்ந்து சொன்னமைதான். 1985-ஆம் ஆண்டில் அவர்கள் வேறு குலத்தையும் பாலினத்தையும் எடையையும் சார்ந்த எலிகளில் தம் அளவுகள் பொருந்துகின்றனவா என்று சோதித்தனர். எடை ஒத்திருந்தால் குலமும் பாலும் மாறினாலும் பெரும்பிழை நேரவில்லை. ஆனால் மிக இளைய எலியிலும் மிகப் பருத்த எலியிலும் அளவு தவறுகிறது என்று கண்டு வெளியிட்டனர். தாம் வரைந்த வரைபடம் எங்கே பொய்க்கும் என்பதைத் தாமே சொல்லும் துணிவு, அதன் பயனை மிகுவித்ததேயன்றிக் குறைக்கவில்லை.

1992-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லேரி சுவான்சன் மற்றொரு புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட்டார். அது ஸ்பிரேக்-டாவ்லி குலத்தைச் சேர்ந்த, 315 கிராம் எடையுள்ள ஓர் ஆணெலியின் மூளையைச் சார்ந்தது. மூளைப் பகுதிகளுக்குப் பெயரிடுவதிலும் எல்லை வகுப்பதிலும் இவ்விரு நூல்களும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஒன்றாகக் கருதும் பகுதியை மற்றவர் இரண்டாகப் பிரிப்பார். ஆகவே, வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அளவை மட்டுமன்று, ஒரு சொல்வழக்கையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

கத்தியிலிருந்து காந்தத்திற்கு

மேற்கூறிய வரைபடங்கள் யாவும் உயிர் நீத்த மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டு வரைந்தவை. 1973-ஆம் ஆண்டில் பால் லாட்டர்பர் காந்தப்புலத்தின் துணையால் பொருள்களின் உட்புறத்தைப் படமாக்கும் வழியை வெளியிட்டார். அதிலிருந்து காந்த ஒத்ததிர்வுப் படமுறை வளர்ந்தது. கத்தியின்றி, உயிரோடிருக்கும் விலங்கின் மூளையைக் காணும் வாய்ப்புப் பிறந்தது.

1990-ஆம் ஆண்டில் செய்ஜி ஒகாவாவும் அவர்தம் குழுவினரும் இரத்தத்தில் கலந்துள்ள உயிர்வளியின் அளவுக்கேற்ப மூளைப்படம் மாறுவதை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மனித மூளையின் செயலைப் படம்பிடிக்கப் பயன்படும் முறைக்கு வித்திட்ட அச்சோதனை, எலிகளின் மூளையில் நிகழ்த்தப்பட்டது. மனிதர்மீது அம்முறையைப் பயன்படுத்திய ஆய்வுகள் 1992-இல்தான் வெளிவந்தன. எலி முன்னே சென்றது, மனிதன் பின்தொடர்ந்தான்.

ஆனால் பொதுப்படிமம் அமைப்பதில் மனித மூளை முந்திக்கொண்டது. பிரான்சு நாட்டின் தாலைராக், டூர்னோ ஆகியோர் 1988-இல் வெளியிட்ட மனித மூளை வரைபடம், அறுபது வயதான ஒரு பெண்மணியின் மூளையைச் சார்ந்தது. நெடுங்காலம் உலக மக்கள் அனைவருக்கும் அந்த ஒரு தலையே அளவாக நின்றது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அறிஞர்கள் 1990-களில் 305 பேரின் படங்களைச் சேர்த்துச் சராசரிப் படிமம் ஒன்றை ஆக்கினர். ஆனால் அந்த 305 பேருள் 239 பேர் ஆண்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். பலரைச் சேர்த்தாலும், யாரைச் சேர்த்தோம் என்னும் வினா மறைந்துவிடுவதில்லை.

மனித மூளைக்கென ஆக்கப்பட்ட கணிப்பொறி நிரல்களையே எலி ஆய்வாளர்களும் கடன் வாங்கினர். 2 செண்டிமீட்டர் மூளையை அந்நிரல்கள் மூளையென்றே ஏற்கவில்லை. ஆகவே, படத்தின் அளவுக்குறிப்பைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டி அவற்றைப் பணியவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்றும் அவ்வழக்கம் முற்றாக மறையவில்லை.

பெருகிய படிமங்கள்

புத்தாயிரத்தில் எலிக்கென்றே படிமங்கள் தோன்றலாயின. 2006-ஆம் ஆண்டில் ஆடம் ஷ்வார்ஸ் குழுவினர் வெளியிட்ட படிமம், பாக்சினோஸ்-வாட்சன் வரைபடத்தையும் உடன் இணைத்துத் தந்தது. பழைய நூலறிவும் புதிய படமும் அங்கே கைகோத்தன. 2011-இல் வால்டெஸ்-ஹெர்னாண்டெஸ் குழுவினர், 12 வார வயதுடைய 30 விஸ்டார் ஆணெலிகளை உயிரோடு படம்பிடித்துச் சராசரிப் படிமம் ஒன்றை அளித்தனர்.

2014-இல் வந்த வாக்ஸ்ஹோம் வரைபடம் வேறு வகையானது. ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கிய அது, ஸ்பிரேக்-டாவ்லி குலத்து ஓர் ஆணெலியை மட்டும் சார்ந்தது. உயிர் நீத்தபின், மண்டையோட்டுக்குள் மூளை இருந்தவாறே படம்பிடிக்கப்பட்டமையால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 25 புள்ளிகள் தெரியுமளவு நுட்பம் வாய்த்தது. 2023-இல் வெளியிடப்பட்ட அதன் நான்காம் வடிவத்தில் 222 பகுதிகள் எல்லை வகுக்கப்பட்டுள்ளன. யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. 2019-இல் விஸ்டார் எலிகளைக் கொண்ட சிக்மா படிமமும், 2020-இல் ஃபிஷர் 344 குலத்திற்குரிய வரைபடமும் வெளிவந்தன.

ஒரே எலியின் நுண்ணிய படமா, பல எலிகளின் மங்கலான சராசரியா? முன்னதில் ஒவ்வோர் எல்லையும் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த ஓர் எலியின் தனிக்கோணலும் எல்லார்க்கும் பொதுவென நுழைந்துவிடும். பின்னதில் தனிக்கோணல்கள் கரைந்துபோகும். அவற்றோடு நுட்பமும் கரையும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் அரிது.

தேர்வு தவறினால்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஓர் ஆய்வைக் கற்பனை செய்து பார்ப்போம். முதுமையால் நினைவு மங்கும் நோய்க்கு ஒரு மருந்தைச் சோதிக்கின்றனர். முதிய எலிகள் ஒரு பக்கம். இளைய எலிகள் மறுபக்கம். முதிய மூளையில் நீர் நிறைந்த குழிகள் விரிந்திருக்கும். இரு சாராரையும் இளைய எலியின் படிமத்தோடு பொருத்துகின்றனர். இளைய மூளைகள் எளிதில் பொருந்துகின்றன. முதிய மூளைகளையோ கணிப்பொறி இழுத்தும் நெளித்தும் திணிக்கிறது. குழியின் ஓரத்தில் உள்ள நினைவுப்பகுதி சற்றே இடம் தவறிப் பதிகிறது. முடிவில் அவ்விடத்தில் ஒரு வேற்றுமை தோன்றுகிறது. அது நோயின் அடையாளமா, மருந்தின் பயனா, பொருத்தியதன் பிழையா? பிழையையே நோயின் அடையாளமாக எண்ணி வெளியிட்டுவிட்டால், அதை நம்பி வேறு பலர் ஆண்டுகளைச் செலவிடுவர். மேலும் பல எலிகள் உயிர் துறக்கும்.

பாலினத்தின் கதையும் இத்தகையதே. மேலே கண்டவாறு புகழ்பெற்ற படிமங்கள் பல ஆணெலிகளையே அடிப்படையாகக் கொண்டவை. அது அக்காலப் போக்கின் எதிரொலி. 2009-ஆம் ஆண்டின் ஆய்வு வெளியீடுகளை ஆராய்ந்து 2011-இல் வந்த கட்டுரை ஒன்று, ஒரு பாலை மட்டும் பயன்படுத்திய நரம்பியல் ஆய்வுகளில், பெண் விலங்கு ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்கு ஆய்வுகள் 5.5 என்ற விகிதத்தில் இருந்ததைக் காட்டியது. 2016-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம், தன்னிடம் நிதி கோருவோர் விலங்காய்வுகளில் இருபாலையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்று வற்புறுத்துகிறது. எலிக்கூண்டில் பெண் வந்துவிட்டாள். அளவுச் சட்டையோ இன்னும் பெரும்பாலும் ஆணுடையதாகவே உள்ளது.

ஆதலின் தேர்ந்தெடுப்பவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளல் நலம். என் எலிகளின் குலமும் வயதும் பாலும் படிமத்தினுடையவற்றோடு ஒத்துள்ளனவா? என் படங்கள் உயிருள்ள மூளையின் படங்களா, படிமமும் அத்தகையதா? இரண்டும் ஒரேவகைப் படப்பிடிப்பில் எடுக்கப்பட்டவையா? எனக்கு வேண்டிய பகுதிகளுக்கு அதில் எல்லை வகுத்துள்ளனரா? பிற ஆய்வாளர் என் முடிவைத் தம் முடிவோடு ஒப்பிட அது துணை செய்யுமா? முழுப் பொருத்தம் அமையாதபோது, தம் எலிகளின் படங்களையே சராசரியாக்கி ஓர் இடைப்படிமம் அமைத்து, அதன்பின் அதனைப் பொதுப்படிமத்தோடு இணைத்தல் தக்க வழியாகும். தம்பியின் உடம்பை முதலில் அளந்துகொண்டு, அதன்பின் அண்ணன் சட்டையோடு ஒப்பிடுவது போன்றது அது.

தனித்தனிக் கூடங்களின் தேர்வு மட்டும் போதாது என்பதையும் அறிஞர் உணர்ந்துவிட்டனர். உலகின் 46 ஆய்வு மையங்களிலிருந்து 65 எலி மூளைப்படத் தொகுதிகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, 20 மையங்களில் சோதித்த பொதுமுறை ஒன்று 2023-இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் முறையில் அளந்துவந்த காலம் மெல்ல மாறிவருகிறது.

நிறைவாக

ஹார்ஸ்லியின் சட்டகம் தொடங்கி வாக்ஸ்ஹோம் வரைபடம் வரை உள்ள வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. மூளையின் பொதுப்படம் என்று ஒன்று இயற்கையில் இல்லை. ஏதோ ஓர் எலியை, அல்லது சில எலிகளை, மனிதர் தேர்ந்தெடுத்துப் பொதுவென வைத்துக்கொண்டனர். அத்தேர்வு குற்றமன்று, அதுவின்றி அறிவியல் நடவாது. தேர்ந்தெடுத்ததை மறந்துவிடுவதுதான் குற்றம். 1985-இல் பாக்சினோசும் வாட்சனும் செய்ததுபோல், 'இது இன்ன எலியின் அளவு; இன்ன இடத்தில் இது பொருந்தாது' என்று வெளிப்படக் கூறிவிட்டால், பின்வருவோர் பிழையைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.

தன் விருப்பமின்றித் தன் மூளையை நமக்குத் தந்த அச்சிற்றுயிர்க்கு நாம் திருப்பித் தரக்கூடியது மிகக் குறைவு. அதனை வேறோர் எலியின் உருவத்தில் திணித்துப் பொய்யான முடிவைக் கூறாதிருத்தல் அக்குறைந்த கடன்களுள் ஒன்றாகும். துணியை வெட்டுமுன் அளவுச் சட்டை யாருடையது என்று கேட்பதில் தையற்காரர்க்கு நாணமில்லை. அறிவியலார்க்கும் அது வேண்டுவதில்லை.